ரோஷெல் தீவின் பதினொரு டன்

ஜூன் 2, போர்மரேல்

வந்து சேர்ந்தேன். பெட்டி வந்து சேரவில்லை. விமான நிலையத்துப் பெண் ஒரு படிவத்தை நீட்டி, பெட்டி என்ன நிறம் என்று கேட்டாள். கறுப்பு என்றேன். எல்லாருடையதும் கறுப்புதான் என்று சிரித்தாள். இருபத்தாறு வருடம் கழித்து மரேல் தீவுகளுக்கு வருகிறேன், வரவேற்பு இப்படி.

விடுதி அறைக் கதவில் 'டாக்டர் ஜெசிந்தா மோத்தா, சென்னை, வல்லுநர் குழு' என்று அட்டை செருகியிருக்கிறார்கள். குழு என்றால் மூன்று பேர். தலைவர் குகநேசன், யாழ்ப்பாணத்தில் பிறந்து டொரண்டோவில் பொருளாதாரப் பேராசிரியராக இருப்பவர். நானும் அவரும் ஒரே பேராசிரியரிடம் முனைவர் பட்டத்துக்குப் படித்தவர்கள். மூன்றாமவர் ஹென்ரிக், டென்மார்க்காரர், கணினியோடு மட்டும் பேசுவார்.

இந்த நாட்டில் இருபத்தேழு தீவுகள், எண்பதாயிரம் மக்கள். வளர்ச்சி வங்கி கடன் தர வேண்டுமானால் எங்கெங்கே செலவைக் குறைக்கலாம் என்று நாங்கள் சொல்ல வேண்டும். மூன்று வாரம் ஆய்வு, 24ஆம் தேதி அமைச்சரவை முன் அறிக்கை. குகன் வரவேற்பறையிலேயே வரைவைக் கையில் கொடுத்துவிட்டார். ஆய்வு தொடங்கும் முன்பே முடிவுரை கைக்கு வருவது எங்கள் தொழிலில் மட்டும்தான்.

போட்டிருந்த சட்டையையே துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

ஜூன் 4

நிதி அமைச்சகத்தில் முதல் கூட்டம். செயலாளர் மார்லீன் பத்தயாச்சி, அறுபதை நெருங்கும் வயது, பெரிய கண்ணாடி. கொள்ளுத் தாத்தா காரைக்கால் பக்கத்திலிருந்து கரும்பு வெட்ட வந்தவராம். தமிழில் 'போதும்' என்ற ஒரு சொல் மட்டும் தெரியும் என்றார். மற்றதெல்லாம் ஆங்கிலம்.

குகன் பத்தொன்பது பரிந்துரைகளையும் திரையில் ஓட்டினார். அவர் பேசினால் யாருக்கும் மறுக்கத் தோன்றாது. குரல் அப்படி. ஏழாவது பரிந்துரையில் மட்டும் மார்லீன் கையைத் தூக்கினார்.

ஏழாவது பரிந்துரை இதுதான். கடைக்கோடியில் இருக்கும் ரோஷெல் தீவுக்கு மாதம் ஒருமுறை போகும் 'மாரி-லூ' கப்பலை நிறுத்துவது. அங்கிருக்கும் முந்நூற்று நாற்பது பேரை இந்தத் தலைநகரத்துக்குக் குடிமாற்றுவது. காரணம், அந்தத் தீவிலிருந்து வெளியே வரும் சரக்கு. 1998இல் வருடத்துக்குப் பதினொரு டன். 2009இல் பதினொரு டன். 2017இல் பதினொரு டன். வரைபடத்தில் மூன்று புள்ளி, அவற்றைச் சேர்த்து ஒரு கோடு.

"இந்தக் கோடு ஏன் இவ்வளவு நேரா இருக்கு?" என்று கேட்டார் மார்லீன்.

தேக்கம் என்றார் குகன். கால் நூற்றாண்டாக அங்கே எதுவும் வளரவில்லை என்பதன் அடையாளம் என்றார்.

"எங்க நாட்டுல மழை, மீன், அமைச்சருங்க பேச்சு, எதுவுமே இவ்வளவு நேரா இருந்து நான் பார்த்ததில்ல" என்றார் மார்லீன். பிறகு என்னைப் பார்த்தார். "டாக்டர் மோத்தா, நீங்க என்ன சொல்றீங்க?"

மூலத்தைச் சரிபார்த்துச் சொல்கிறேன் என்றேன். பெட்டி வரட்டும்.

ஜூன் 5

தலைவலி. பெட்டி வந்துவிட்டது. திறக்கவில்லை, துணி அவசரமாகத் தேவையில்லை.

ஜூன் 6

சனிக்கிழமை போல ஊரே அடங்கிக் கிடந்தது. அமைச்சக நூலகத்தில் உட்கார்ந்து அந்த எண்ணைத் துரத்தினேன்.

2017 அறிக்கை: பதினொரு டன், ஆதாரம் 2009 அறிக்கை. 2009 அறிக்கை ஒரு பெரிய ஆலோசனை நிறுவனம் பளபளப்புத் தாளில் போட்டது. அதில் பதினொரு டன், ஆதாரம் 'மோத்தா, 1998, பக்கம் 214'. இரண்டு அறிக்கைக்காரர்களும் ரோஷெலுக்குப் போனதாக எங்கேயும் ஒரு வரிகூட இல்லை. முன்னவர் எழுதியதை எடுத்துப் பின்னவர் எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். நாங்கள் அந்த மூன்றையும் மூன்று வெவ்வேறு அளவீடு என்று நினைத்துக் கோடு போட்டிருக்கிறோம்.

நூலகர் 1998 நூல் தங்களிடம் இல்லை என்றார். இல்லாவிட்டால் பரவாயில்லை என்றேன்.

திரும்பி வந்து பெட்டியைத் திறந்தேன். அதில் இருக்கிறது. எதற்காக அதைத் தூக்கிக்கொண்டு வந்தேன் என்று தெரியவில்லை. பக்கம் 214, அட்டவணை ஒன்பது, ரோஷெல், 11, பக்கத்தில் ஒரு குட்டி நட்சத்திரம். பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் 'மதிப்பீடு'. ஒரே ஒரு சொல். 2009காரர்கள் எண்ணை எடுத்துக்கொண்டு நட்சத்திரத்தை விட்டுவிட்டார்கள்.

அந்த நிறுவனத்தை நன்றாகத் திட்டினேன். திட்டி முடித்த பிறகும் ஆறவில்லை.

ஜூன் 8

துறைமுகத்தோரக் கடையில் குகனோடு மதியச் சாப்பாடு. அவர் நண்டு வாங்கினார். நான் தேநீர் மட்டும் வாங்கினேன்.

"ஜெசி, உம்மட முகம் சரியில்லையே" என்றார்.

"ஏழாவது பரிந்துரைய எடுத்துடலாம் குகன்."

"ஏன்?"

"அந்தப் பதினொண்ணு. அதுக்கு ஒரு நட்சத்திரம் இருந்துச்சு."

நண்டின் காலை உடைத்துக்கொண்டே சொன்னார். "ஓம், இருந்தது. நீர்தான் போட்டனீர். பிறகு ஆரோ அதை எடுத்துப்போட்டினம். அது எங்கட பிழையோ? நாங்கள் எச்சரிக்கை குடுத்தனாங்கள்தானே."

"ஒரு வார்த்தை எச்சரிக்கையா? பொடி எழுத்துல?"

"இப்ப ஏன் உதைக் கிளறுறீர்? வாற மாதம் உம்மட நிறுவனத்தில இயக்குநர் தெரிவு. அந்தப் புத்தகத்தை வைச்சுத்தான் உமக்குப் பேர். கொஞ்சம் யோசியும்." பிறகு குரலை இறக்கினார். "இஞ்ச பாரும், அவையளை நாங்கள் கடலுக்குள்ள தள்ளேல்லை. தலைநகரத்துக்கு வந்தால் பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு. இது தண்டனை இல்லை, விளங்குதோ?"

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் எரிச்சல். அவர் சொல்வதில் பாதி உண்மை, அந்தப் பாதியை நானே வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

"வரணும்னு அவங்க கேட்டாங்களா?" என்றேன்.

"ஆர் கேட்டுத்தான் இடம் பெயர்ந்தவை?" என்றார். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தே வெளியேறியவர்.

ஜூன் 9

சரி, எழுதிவிடுகிறேன். என் நாட்குறிப்புக்கே நான் பொய் சொல்லிக்கொண்டு இருக்க வேண்டுமா?

1998 ஆகஸ்ட். எனக்கு இருபத்தைந்து வயது. நானும் குகனும் வெளித்தீவுகளின் சரக்கைக் கணக்கெடுக்கக் கிளம்பினோம். கபெல் தீவில் இறங்கினோம். அங்கே அறுநூறு பேர், வருடத்துக்கு இருபத்திரண்டு டன். துறைமுகப் பதிவேட்டில் ஒழுங்காக எழுதியிருந்தது. அடுத்தது ரோஷெல். தீவைச் சுற்றிப் பவளப் பாறை, உள்ளே நுழைய ஒரே ஒரு வாய். அன்று அலை அந்த வாயை அடைத்துக்கொண்டு நின்றது. கப்பல் இரண்டு நாள் தீவைச் சுற்றியது. கரையில் ஆட்கள் நிற்பது பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. கூரைகள், ஒரு சிலுவை, புகை. நான் வாந்தி எடுத்தேன், குகன் சீட்டு விளையாடினார். மூன்றாம் நாள் திரும்பிவிட்டோம்.

ஊருக்கு வந்து, நூலாகவும் வந்த என் முனைவர் ஆய்வேட்டுக்கு அட்டவணை போட்டேன். இருபத்தாறு தீவுக்கு எண் இருந்தது, ஒரு கட்டம் மட்டும் காலி. ஓட்டைப் பல் போல இருக்கிறது, நிரப்பு என்றார் எங்கள் பேராசிரியர். ரோஷெலில் முந்நூறு பேர். கபெலில் இருப்பதில் பாதி ஆட்கள், ஆகவே பாதி டன். பதினொன்று. ஒரு நிமிட வேலை. அந்தக் காலத்தில் எல்லாரும் செய்தார்கள், இன்றும் செய்கிறார்கள், அதற்கு அழகான பெயர்கூட உண்டு.

நான் ரோஷெலை மிதித்ததே இல்லை. ரோஷெலைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்த ஒரே எண் என்னுடையது.

நாளை காலை 'மாரி-லூ' கிளம்புகிறது. போக இரண்டு நாள், அங்கே ஒன்றரை நாள், வர இரண்டு நாள். எங்கள் பயணத் திட்டத்தில் ரோஷெல் இல்லை. நேரம் போதாது என்று குகன் முதலிலேயே எடுத்துவிட்டார். மார்லீனிடம் போய் அனுமதிச் சீட்டுக் கேட்டேன். காரணம் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். "வாந்திக்கு மாத்திரை வாங்கிக்கோங்க" என்று மட்டும் சொன்னார்.

ஜூன் 10

குகன் அறைக் கதவுக்கு அடியில் சீட்டைத் தள்ளிவிட்டு வந்தேன். 'ரோஷெல் போகிறேன். கோபப்பட ஐந்து நாள் இருக்கிறது. ஜெசி.'

ஜூன் 11, கப்பலில்

மாத்திரை வேலை செய்யவில்லை.

ஜூன் 12, ரோஷெல்

இறங்கிவிட்டேன். பாறை வாயில் கப்பல் நுழையாது. படகில் குதித்து, படகிலிருந்து முழங்கால் தண்ணீரில் குதித்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கரையேறினேன். மணலில் கால் வைத்ததும் எனக்கு அழுகை வந்தது. எதிரே ஒரு ஆண் நர்ஸ் வெள்ளைச் சட்டையில் நின்றுகொண்டு தமிழில் கேட்டார்.

"மேடத்துக்கு வயித்தப் புரட்டுதா? ஒக்காருங்க, கொஞ்சம் உப்புத்தண்ணி கலக்கித் தாறேன்."

பெயர் ததேயுஸ். குளச்சல்காரர், நாற்பது வயதிருக்கும். ஒப்பந்தத்தில் வந்து ஒன்பது வருடமாக இந்தத் தீவின் ஒரே மருத்துவமனை இவர்தான். நான் பிறந்தது தூத்துக்குடி என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப நம்ம கடக்கரதான்! மேடம்னு சொல்ல மாட்டேன், அக்கான்னுதான் கூப்பிடுவேன், பாத்துக்கிடுங்க."

தீவு மன்றத் தலைவி ஒடெட் பெரிய உடம்பு, பெரிய குரல். அவர் பேசுவது கிரியோல், இந்தத் தீவுகளின் மொழி. ததேயுஸ் மொழிபெயர்த்தார். சரக்குக் கணக்கு எடுக்க வந்தேன் என்று சொன்னேன். ஒடெட் சிரித்த சிரிப்பில் பக்கத்தில் படுத்திருந்த நாய் எழுந்து போனது.

"என்ன சொல்றாங்க?"

"சரக்கே கெடையாதுன்னு சொல்லுதாவ. இந்தத் தீவுலேருந்து சரக்குன்னு ஒண்ணும் போறதில்லயாம். எல்லாம் பனையோலக் கூடதானாம்."

விஷயம் இதுதான். கப்பலில் ஒரு பழைய விதி உண்டு. சரக்குக்குக் கூலி, பதிவேடு எல்லாம் இருக்கிறது. ஆனால் பெயர் எழுதிய கூடை சரக்கு ஆகாது. அது பயணியின் சாமான். ஆளுக்கு ஒரு கூடை, கூலி இல்லை, பதிவும் இல்லை. எனவே இவர்கள் எதையும் சரக்காக அனுப்புவதே இல்லை. காய்ந்த கணவாய், உப்புச் சூரை, ஈரப்பலா வற்றல், தேங்காய் எண்ணெய், எல்லாம் பனையோலைக் கூடையில், மேலே ஒரு பலகைத் துண்டில் பெயர் எழுதித் தொங்கவிட்டு. தலைநகரத்தின் சந்தைப் பக்கத் தெருக்களில் பாதி வீடு இந்தக் கூடையைத்தான் சாப்பிடுகிறதாம். துறைமுகப் பதிவேட்டில் ஒரு கிராம்கூட ஏறுவதில்லை. என் பதினொரு டன்னுக்கு இந்த உலகத்தில் எந்த இடமும் இல்லை.

எத்தனை கூடை என்றேன். நாளைக்கு நீயே எண்ணிக்கொள் என்றார் ஒடெட்.

ஜூன் 13

இருநூற்றுப் பதினொரு கூடை.

நிறுக்கத் தராசு இல்லை. ததேயுஸ் குழந்தைகளை நிறுக்கும் தொங்கு தராசை எடுத்துவந்து படகுக் கொட்டகையின் உத்தரத்தில் கட்டினார். இருபத்தைந்து கிலோ வரை காட்டும். காலை ஆறு மணிக்குத் தொடங்கினோம். ஒருவர் கூடையை மாட்ட, ததேயுஸ் எண்ணைக் கத்த, நான் எழுதினேன். சில பெண்கள் தங்கள் கூடை பக்கத்து வீட்டுக் கூடையைவிடக் குறைந்தால் முகம் சுளித்து, ஓடிப்போய் இன்னும் நாலு கணவாயைத் திணித்துக்கொண்டு வந்தார்கள். அதைத் தடுக்க ஒடெட் கத்த வேண்டியிருந்தது.

பெயர்ப் பலகைகளைப் பார்த்துக்கொண்டே வந்தவள் ஒரு இடத்தில் நின்றேன். கப்பலில் போகிறவர்கள் பதினேழு பேர்தான். கூடை இருநூற்றுப் பதினொன்று.

"தம்பி, இந்தப் பேருல்லாம் யாரு?"

ததேயுஸ் காதைச் சொறிந்தார். "உள்ளவியளும் உண்டு, வெளியூர்ல இருக்கவியளும் உண்டு, அக்கா. கல்லறையில இருக்கவியளும் கொஞ்சம் உண்டு."

ஒடெட் இடுப்பில் கைவைத்து ஏதோ சொன்னார்.

"செத்தவியளும் இந்த ஊர்க்காரங்கதானேன்னு கேக்காவ. ஆளுக்கு ஒரு கூடன்னுதான் விதி சொல்லுது, மூச்சு விடணும்னு சொல்லலியாம்."

பெயர்களை நான் குறித்துக்கொள்ளவில்லை. எடை மட்டும் போதும். இதை எந்த அறிக்கையிலும் எழுதப் போவதும் இல்லை. வங்கிக்காரர்களுக்குத் தெரிய வேண்டியது எடைதான்.

மொத்தம் 4,106 கிலோ. ஒரு மாதத்தில், ஒரு கப்பலில்.

மதியம் ஒடெட் வீட்டில் சாப்பாடு. கணவாய்க் குழம்பு, சோறு. ஒடெட் பேசிக்கொண்டே இருந்தார், ததேயுஸ் வாயில் சோற்றோடு மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தார். இதற்கு முன் ஒருமுறை படித்தவர்கள் வருவதாகச் சொன்னார்களாம். ரொம்ப வருடம் முன்பு.

"தீவே சமைச்சு வச்சுட்டு நின்னுதாம், அக்கா. பன்னி அடிச்சாவளாம். கப்பலு ரெண்டு நாளு சுத்திச்சாம். இவியளும் ரெண்டு நாளு கரையில நின்னு கைய ஆட்டுனாவளாம். அப்புறம் போயிட்டாம். அதுலேருந்து யாரும் வரல."

"அந்தக் கப்பல்ல நான் இருந்தேன்னு சொல்லுங்க" என்றேன்.

ததேயுஸ் என்னைப் பார்த்தார். சொன்னார். அட்டவணையையும் சொல்லச் சொன்னேன். பார்க்காமலே எழுதிய எண், அதை வைத்துத்தான் இப்போது கப்பலை நிறுத்தப் போகிறார்கள், எல்லாவற்றையும். ஒடெட் கேட்டு முடித்தார். கரண்டியை எடுத்து என் தட்டில் இன்னொரு குவியல் சோற்றைத் தட்டினார்.

"மொதல்ல சாப்பிடச் சொல்லுதாவ. அப்புறம் போயி அத அழிச்சுட்டு வரச் சொல்லுதாவ."

ஜூன் 15, போர்மரேல்

குகன் கரையிலேயே நின்றுகொண்டிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். கையில் தண்ணீர்ப் போத்தல் கொண்டுவந்திருந்தார்.

"எவ்வளவு?" என்றார்.

சொன்னேன். கண் விரிந்தது. நின்ற இடத்திலேயே போனை எடுத்துப் பெருக்கினார். "பன்னிரண்டு மாதம். நாற்பத்தொன்பது டன்! ஜெசி, நீர் கெட்டிக்காரி! பதினொண்டிலை இருந்து நாற்பத்தொன்பது. கோடு மேல போகுது. ஏழாம் பரிந்துரையை நானே வெட்டுறன். வெளித்தீவுகளின்ரை வெற்றிக்கதை எண்டு ஒரு அத்தியாயம் போடுவம். கப்பலும் தப்பும், உம்மட புத்தகமும் தப்பும். நட்சத்திரத்தைப் பற்றி ஆரும் கதைக்கத் தேவையில்லை."

அவர் மனதார மகிழ்ந்தார். எனக்காகத்தான். ஒரு கணம் எனக்கும் தலை சுற்றியது. கப்பல் பிழைக்கும். பெயர் பிழைக்கும். ஒரே ஒரு பெருக்கல்.

"ஜூன்ல கணவாய் காலம், குகன்" என்றேன். "மத்த மாசம் எப்படின்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது."

"அதுக்கென்ன, மதிப்பீடு எண்டு ஒரு நட்சத்திரம் போடும்."

கேட்டதும் சிரித்துவிட்டேன். அவருக்கு ஏன் என்று புரியவில்லை, அல்லது புரிந்தது.

"நாற்பத்தொன்பதுன்னு எழுதுவோம். அஞ்சு வருஷம் கழிச்சு இன்னொரு குழு வரும். நெசமாவே எண்ணும். இருபத்தஞ்சுதான் தேறும். பாதியா விழுந்துடுச்சு, தீவு செத்துக்கிட்டு இருக்குன்னு எழுதும். கப்பல அன்னைக்கு நிறுத்துவாங்க."

"அது பிறகு பாக்கலாம்."

"இதையேதான் நாம 98லயும் சொன்னோம்."

போத்தலை என் கையில் கொடுத்துவிட்டு நடந்துவிட்டார்.

ஜூன் 16

காலைச் சாப்பாட்டுக்குக் குகன் வேறு மேசையில் உட்கார்ந்தார். துணி துவைத்தேன். சட்டையெல்லாம் கணவாய் வாசனை.

ஜூன் 20

பயமாக இருக்கிறது. இதை எழுதாமல் இருந்தால் நன்றாக இருக்கும், ஆனால் இருக்கிறது. என் பெயர் போவது பற்றிப் பயம் கொஞ்சம்தான். நாற்பத்தொன்பதைச் சொன்னால் கப்பல் நிச்சயம் ஓடும். தெரியாது என்று சொன்னால் ஓடுமா என்று யாருக்கும் தெரியாது. என் நேர்மைக்கு ரோஷெல்காரர்கள் விலை கொடுக்க நேர்ந்தால்? ஒடெட் என்னிடம் அழித்துவிட்டு வா என்றுதான் சொன்னார். அதன் இடத்தில் இன்னொரு பொய்யை எழுது என்று சொல்லவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

ஜூன் 24

அமைச்சரவை அறை. குளிர்சாதனம் எலும்பைத் துளைத்தது. நீள மேசை, பதினோரு அமைச்சர்கள், வளர்ச்சி வங்கியின் ஆள் ஒருவர், மார்லீன். குகன் ஆறு பரிந்துரைகளைப் பேசி முடித்தார். ஏழாவது வந்ததும் என்னைப் பார்க்காமல், "இதை டாக்டர் மோத்தா விளக்குவார்" என்று சொல்லி உட்கார்ந்தார்.

எழுந்தேன். 1998 நூலை மேசைமேல் வைத்தேன். இதை எழுதியவள் நான் என்றேன். 214ஆம் பக்கத்தைத் திறந்து காட்டினேன். இந்த எண்ணை நான் அளக்கவில்லை, கற்பனையில் போட்டேன், அன்று அந்தத் தீவில் நான் இறங்கவே இல்லை என்றேன். 2009உம் 2017உம் இதையே திருப்பி எழுதியவை. உங்கள் வரைபடத்தில் இருப்பது தேக்கம் இல்லை. இருபத்தாறு வருடமாக யாரும் போய்ப் பார்க்கவில்லை என்பதுதான் அந்தக் கோடு.

ஹென்ரிக்குக்குத் தலையாட்டினேன். முந்தின நாள் பேசிவைத்தபடி அவர் ஒரு பொத்தானைத் தட்டினார். திரையில் மூன்று புள்ளிகளும் போய், 1998 காலி, 2009 காலி, 2017 காலி, இந்த ஜூன் மட்டும் 4,106 கிலோ என்று நின்றது. "கோடு போய்விட்டது" என்றார் ஹென்ரிக். மூன்று வாரத்தில் அவர் கூட்டத்தில் பேசிய முதல் வாக்கியம்.

நிதி அமைச்சர் முன்னால் சாய்ந்தார். "அப்போ அந்தத் தீவைப் பத்தி உங்களுக்கு என்னதான் தெரியும்?"

"ஒரு கப்பலைப் பத்தி மட்டும் தெரியும்."

"வல்லுநர்களுக்கு இவ்வளவு செலவு பண்றோம். தெரியாதுன்னு சொல்லவா வந்தீங்க?"

"ஆமாம்" என்றேன். "இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். தாமதத்துக்கு மன்னிக்கணும்."

வங்கி ஆள் தொண்டையைச் செருமினார். ஆதாரம் இல்லாமல் ஒரு சேவையை நிறுத்தச் சொல்லி வங்கி எழுத முடியாது, பன்னிரண்டு மாத அளவீடாவது வேண்டும் என்றார். சரி, எடுக்கட்டும், அதுவரை கப்பலை நிறுத்தி வைக்கலாமே என்றார் போக்குவரத்து அமைச்சர்.

மார்லீன் கண்ணாடியைக் கழற்றினார். "கப்பல் போகலன்னா எதை நிறுக்கிறது, மினிஸ்டர்?"

மேசையில் யாரோ சிரித்தார்கள். மார்லீன் சிரிக்கவில்லை. எழுத ஆரம்பித்துவிட்டார். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு பயணம், ஒவ்வொரு பயணத்திலும் கரையில் நிறுவை, பொறுப்பு தீவு நர்ஸ். அதுவரை ஏழாம் பரிந்துரை இல்லை. யாராவது இன்னும் பேச விரும்புகிறீர்களா என்று சுற்றிலும் பார்த்தார். போக்குவரத்து அமைச்சர் வாயைத் திறந்தார்.

"போதும்" என்றார் மார்லீன், தமிழில்.

வராந்தாவில் குகன் என்னருகே வந்தார். முகம் வெளுத்திருந்தது. "நீர் உம்மட பேரை மட்டும் எரிக்கேல்லை, ஜெசி."

"அந்தக் கப்பல்ல நீங்களும்தான் இருந்தீங்க, குகன்."

"ஓம்" என்றார். "அவையள் கரையில நிண்டு கை காட்டினவை. நான் சீட்டை வைச்சிட்டுப் பாத்தனான். நீர் அப்ப உள்ளுக்க படுத்திருந்தனீர்." அதைச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். இருபத்தாறு வருடமாக இதை என்னிடம் சொன்னதில்லை.

ஜூன் 25

விமானத்துக்கு முன் மூன்று கடிதம் அனுப்பினேன். பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்துக்கு, நூலை வெளியிட்டவர்களுக்கு, இயக்குநர் தேர்வுக் குழுவுக்கு. மூன்றிலும் ஒரே வாசகம்: பக்கம் 214, ரோஷெல், எண்ணை நீக்கவும்.

பெட்டி இந்தத் தடவை என்னோடு வந்தது.

ஜூலை 19, சென்னை

இயக்குநர் பதவி வேறொருவருக்குப் போயிற்று. நல்ல மனிதர்தான். நேற்று மாலை தோசைக்கு மாவு அரைத்தேன். நன்றாகப் பொங்கியது.

ஜூலை 22

ததேயுஸிடமிருந்து முதல் நிறுவை. ஜூலை, 2,870 கிலோ. நான் பெருக்கிக் கூட்டி எதுவும் செய்யவில்லை. அப்படியே எழுதி மார்லீனுக்கு அனுப்பினேன்.

ஆகஸ்ட் 13

ததேயுஸ் குரல் செய்தி அனுப்பியிருக்கிறார். பின்னால் காற்று இரைகிறது.

"அக்கா, கப்பலு வந்துது. ரெண்டு நாளு சுத்திச்சு. அலை அடங்கல. படகு எறக்க முடியல, திரும்பிப் போயிட்டு. கூடையெல்லாம் கொட்டகையிலதான் கெடக்கு. இப்ப இந்தக் கட்டத்துல நான் என்னத்த எழுத? பூஜ்யம் போடவா? ஒடெட் அம்மா போன மாசத்து நம்பரையே போட்டுடுன்னு சொல்லுதாவ. அவியளுக்குப் பயம், கட்டம் காலியா இருந்தா கப்பல நிறுத்திருவாவளோன்னு."

கேட்டதும் எழுந்து நின்றுவிட்டேன். உடனே பதில் பேசி அனுப்பினேன்.

"தம்பி, பூஜ்யமும் போடாதீங்க, போன மாசத்தையும் போடாதீங்க. கட்டத்தக் காலியா விடுங்க. பக்கத்துல தேதி போட்டு, அலை அடங்கவில்லை, கப்பல் திரும்பிவிட்டதுன்னு எழுதி, உங்க பேரப் போட்டுக் கையெழுத்து வைங்க. ஒடெட் அம்மாகிட்ட சொல்லுங்க, காலிக் கட்டத்துக்காகக் கப்பல நிறுத்தணும்னா மொதல்ல எங்கிட்ட வரணும். நான் பாத்துக்கிடுதேன்."

ஒரு மணி நேரத்தில் படம் வந்தது. கோடு போட்ட நோட்டு, ஆகஸ்ட் வரிசை, காலிக் கட்டம். பக்கத்தில் பள்ளிக்கூடப் பையன் எழுத்து மாதிரி உருண்டை உருண்டையாக நான் சொன்ன வாக்கியம். கீழே ததேயுஸின் கையெழுத்து. அதற்கும் கீழே, யாரும் கேட்காமலே, ஒடெட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

அதை அச்செடுத்துக் கத்தரித்து, என் நூலின் 214ஆம் பக்கத்தில், பதினொன்று இருந்த இடத்தின்மேல் ஒட்டினேன்.